ஸ்மார்ட் பல்பின் பெட்டியில் அச்சிடப்படாதவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியால் ஏற்றவும் அணைக்கவும் நிறம் மாற்றவும் கூடிய ஸ்மார்ட் பல்புகளின் விளம்பரம் பண்டிகைக் காலம் வந்தாலே நாளிதழ்களிலும் இணைய அங்காடிகளிலும் நிறைந்துவிடுகிறது. கும்பகோணத்தில் மின்பொருள் கடை நடத்துகிறவன் நான். வயரிங் வேலைக்காகப் பல வீடுகளின் சுவிட்ச் போர்டுகளைத் திறந்து பார்த்தும் இருக்கிறேன். அந்தப் பழக்கத்தில், இவற்றை வாங்க நினைக்கும் குடும்பங்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். இந்தப் பல்புகளின் பெட்டியில் எத்தனையோ அச்சிடப்பட்டிருக்கின்றன. ஆனால் வாங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு செய்திகள் அதில் இருப்பதில்லை. இணையம் இல்லாத நேரத்தில் இது நம் சொல்லுக்குக் கட்டுப்படுமா என்பது ஒன்று. இதற்கான செயலியையும், கட்டளைகளை வாங்கி அனுப்பும் சர்வர் என்ற மையக் கணினியையும் நிறுவனம் எத்தனை ஆண்டுகள் நடத்தித் தரும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பெட்டியில் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சாதாரண எல்இடி பல்புக்குள் இருப்பவை ஒளி தரும் எல்இடி சில்லுகளும் அவற்றுக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் டிரைவரும்தான். ஸ்மார்ட் பல்பில் இவற்றோடு ஒரு சிறிய கணினிச் சில்லும் ஒரு வானொலிக் கருவியும் சேர்கின்றன. வெளிச்சம் அணைந்திருக்கும்போதும் அந்தச் சில்லு விழித்திருந்தால்தான் கைப்பேசியிலிருந்து வரும் கட்டளையை வாங்கிக்கொள்ள முடியும். ஆகவே சுவரிலுள்ள சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். யாராவது பழக்கத்தில் அதை அணைத்துவிட்டால் செயலியில் "சாதனம் தொடர்பில் இல்லை" என்ற வாசகம்தான் வரும். அறையை விட்டு வெளியே வரும்போது விளக்கை அணைத்துவிட்டு வர வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த வீடுகள் நம்முடையவை. அந்த நல்ல பழக்கமும் இந்தப் பல்பும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை என்பதை விற்கிறவர்கள் முன்கூட்டியே சொல்வதில்லை.

சில மாதங்களுக்கு முன் அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஓர் அம்மா, மஞ்சள் பையில் எட்டு ஸ்மார்ட் பல்புகளை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது வீடு முழுவதும் பொருத்திவிட்டு, சுவிட்சுகளை யாரும் அணைக்கக் கூடாது என்று அவற்றின் மேல் செல்லோ டேப்பை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்த அம்மாவிடம் இருப்பது பட்டன் வைத்த சாதாரணக் கைப்பேசி. விடியற்காலை எழுந்து வாசல் தெளிக்கப் போகும்போது விளக்கைப் போட வழியில்லாமல், டேப்பை நகத்தால் பிய்த்துச் சுவிட்சை அணைத்துப் போட்டுத்தான் வெளிச்சம் வர வைத்திருக்கிறார். "தம்பி, இதையெல்லாம் எடுத்துக்கிட்டு, சுவிட்சைத் தட்டினா எரியிற பல்பா குடுப்பா" என்றார். இணையத்தில் வாங்கிய பொருள் என்பதால் நான் திரும்ப எடுத்துக்கொள்ள இயலவில்லை. ஏழு இடங்களில் சாதாரணப் பல்பு மாட்டிக்கொள்ளச் சொல்லி, கழிவறைக்குப் போகும் நடையில் மட்டும் ஸ்மார்ட் பல்பை விட்டுவைக்கச் சொன்னேன். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மின்தடையும் இங்கே கணக்கில் வர வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது பல ஸ்மார்ட் பல்புகள் முழு வெளிச்சத்தோடு தாமாகவே எரியும்படிதான் தொழிற்சாலையில் அமைத்து அனுப்பப்படுகின்றன. நள்ளிரவு இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தால் படுக்கையறைப் பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்து எல்லோரையும் எழுப்பிவிடும். ஊருக்குப் போயிருக்கும் வீட்டிலோ ஆள் திரும்பி வரும்வரை எரிந்துகொண்டே இருக்கும். சில நிறுவனங்களின் செயலியில், மின்சாரம் வந்தபின் முன்பிருந்த நிலைக்கே திரும்பும்படி மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது, சிலவற்றில் இல்லை. மின்தடை அடிக்கடி வரும் ஊர்களில் இந்த வசதி இல்லாத பல்பைப் படுக்கையறைக்கு வாங்கவே கூடாது என்பேன். இன்னொரு தொல்லையும் உண்டு. சுவிட்சை வேகமாகச் சில முறை போட்டு அணைத்தால் பழைய இணைப்பை மறந்துவிட்டுப் புதிய இணைப்புக்குக் காத்திருக்கும்படி பல பல்புகள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. மழைக்காலத்தில் மின்சாரம் விட்டுவிட்டு வரும்போதும் இதே நிகழ்வதால், பல்பு திடீரென்று கண்சிமிட்டத் தொடங்கும். மறுபடியும் முதலிலிருந்து அதை வைஃபையோடு இணைக்க வேண்டியிருக்கும். பல்பு கெட்டுவிட்டது என்று எண்ணித் தூக்கியெறிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு சொல்வதால் ஸ்மார்ட் பல்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சரியான இடத்தில் வைத்தால் இது மெய்யாகவே உதவும் பொருள். வயதானவர்கள் இரவில் கழிவறைக்குப் போகும் வழியில், இரவு பத்து மணிக்குத் தானாகவே மங்கி, விடியும் வரை பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தோடு மஞ்சள் நிறத்தில் எரியும் ஒரு பல்பு இருந்தால், தூக்கக் கலக்கத்தில் கண் கூசாது; படியும் தெரியும். இருட்டில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஒரு முதியவரின் வாழ்க்கையே மாறிவிடுகிறது. அந்த ஒரு பயனுக்காகவே இதற்குக் கொடுக்கும் கூடுதல் விலை தகும். அந்த அம்மாவின் வீட்டில் நடைப் பல்பை மட்டும் விட்டுவைக்கச் சொன்னது இதனால்தான். இரவில் எழுந்திருக்க முடியாமல் படுக்கையில் இருப்பவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், சுவிட்ச் எட்டாதவர்கள் ஆகியோருக்குக் குரலால் விளக்கைப் போட முடிவது ஆடம்பரம் ஆகாது. வெளியூர் போகும்போது வாசல் விளக்கு மாலை ஆறரைக்கு எரிந்து காலையில் அணையும்படி வைப்பதும் நல்ல பயன்தான். ஆனால் மாடிப்படியிலும் வாகனம் நிறுத்தும் இடத்திலும் ஆள் வந்தால் எரிவதற்கு, வைஃபையே வேண்டாத சென்சார் பல்பு போதும், விலையும் குறைவு.

வெளிச்சத்தைப் பற்றிச் சில சொற்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது "1 கோடியே 60 லட்சம் நிறங்கள்" என்பது. எந்தக் குடும்பமும் முதல் வாரத்துக்குப் பிறகு ஊதாவையும் பச்சையையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் கண்டதில்லை. மேலும், வெளிச்சம் எவ்வளவு என்று பெட்டியில் போட்டிருக்கும் லுமென் அளவு வெள்ளை வெளிச்சத்துக்கு உரியது. நிறத்துக்கு மாற்றினால் வெளிச்சம் வெகுவாகக் குறையும். அன்றாடம் பயன்படுவது வெள்ளையிலேயே சூட்டை, அதாவது மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்பதை, மாற்றிக்கொள்ளும் வசதிதான். 2,700 கெல்வின் என்பது பழைய குண்டு பல்பின் இதமான மஞ்சள்; 4,000 நடுத்தரம்; 6,500 நம் கடைகளில் அதிகம் விற்கும் நீலம் தோய்ந்த வெள்ளை. காலையில் சமைக்கவும் பிள்ளைகள் படிக்கவும் 4,000-க்கு மேலும், இரவு சாப்பாட்டுக்குப் பின் 2,700-க்கும் மாறும் பல்பு கண்ணுக்கும் தூக்கத்துக்கும் நல்லது. நீலம் மிகுந்த வெளிச்சம் இரவில் தூக்கத்தைத் தள்ளிப்போடும் என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட செய்தி. ஆகவே நிறப் பல்புக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை மிச்சப்படுத்தி, வெள்ளைச் சூட்டை மட்டும் மாற்றக்கூடிய பல்பையே பெரும்பாலோர் வாங்கலாம். பொருளின் நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 80-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். புடவை தேர்ந்தெடுக்கும் அறை, ஒப்பனைக் கண்ணாடி, சமையல் மேடை ஆகியவற்றுக்கு 90 இருந்தால் இன்னும் நன்று.

நம் வீடுகளின் கூடத்தை இன்றும் ஒளிரச் செய்வது நாலடி டியூப் லைட்தான். 20 வாட் எல்இடி டியூப் சுமார் 2,000 லுமென் தரும். ஸ்மார்ட் பல்பில் பரவலாகக் கிடைக்கும் 9 வாட் பல்போ, பழைய 60 வாட் குண்டு பல்பின் இடத்தை நிரப்பக்கூடியது. 900 லுமெனைத் தாண்டுவது அரிது. டியூப்பை எடுத்துவிட்டு ஒற்றைப் பல்பை மாட்டியவர்கள், வீடே இருட்டாகிவிட்டது என்று வந்து நிற்கிறார்கள். கூடத்துக்கு வேண்டுமானால் பட்டை வடிவில் வரும் ஸ்மார்ட் பேட்டன் விளக்கைப் பார்க்கலாம். ஹோல்டரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் இரண்டு பின் வைத்துத் திருகி மாட்டும் பி22 வகை. இணையத்தில் தள்ளுபடியில் கிடைப்பவற்றில் பல, மரையுள்ள இ27 வகை. கன்வர்டர் வாங்கி மாட்டலாம் என்றாலும், பல்பு வெளியே நீண்டு விளக்குக் கூண்டுக்குள் அடங்காமல் போகும். முழுவதும் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் ஸ்மார்ட் பல்பைப் போடுவதைத் தவிர்ப்பதே நல்லது. சூடு வெளியேற வழியில்லாமல் டிரைவரில் உள்ள கெப்பாசிட்டர் சீக்கிரம் உலர்ந்து போகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் வைத்த சுவிட்சிலும் இதை மாட்டக் கூடாது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் பல்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட்; இங்கே 230. அங்கத்திய பல்பின் மரை நம் இ27 ஹோல்டரில் ஏறக்குறைய பொருந்திவிடுவதால், மாட்டிவிடலாம் என்று தோன்றும். பல்பின் கழுத்தில் பொடி எழுத்தில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அதை இங்கே மாட்டவே கூடாது. பல்பு கெடுவதோடு புகையவும் வாய்ப்புண்டு. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, வளைகுடா நாடுகளிலிருந்து வருபவை பெரும்பாலும் நம் மின்னழுத்தத்துக்கு ஒத்தவை. எங்கிருந்து வந்தாலும் கழுத்தெழுத்தைப் படித்துவிட்டே மாட்ட வேண்டும். இங்கே வாங்குபவற்றில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 16102 என்ற பாதுகாப்புத் தர எண்ணும் அதனுடன் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இனி இணைப்புக்கு வருகிறேன். கடைகளில் மலிவாகக் கிடைப்பவை வைஃபை பல்புகள். இவற்றுக்குத் தனிப்பெட்டி எதுவும் வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் ஒளிபரப்பினால் முதல் இணைப்பிலேயே திணறல் வரும். எங்கள் பக்கத்து வீடுகள் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று நீண்டு கிடப்பவை. சுவர்களோ முழங்கை அகலம். வாசலில் வைத்த ரவுட்டரின் அலை கொல்லைப்புறக் குளியலறை வரை எட்டுவதில்லை. இப்படிப்பட்ட வீட்டில் பத்துப் பதினைந்து பல்புகளைப் போட நினைப்பவர்கள், வைஃபைக்குப் பதிலாக ஜிக்பீ என்னும் வேறொரு கம்பியில்லா முறையில் பேசும் வகையைப் பார்க்கலாம். அதற்கு ஒரு நடுப்பெட்டி வாங்க வேண்டும். ஆனால் சுவிட்ச் போட்டிருக்கும் ஒவ்வொரு பல்பும் அடுத்த பல்புக்குக் கட்டளையைக் கடத்தும் என்பதால் நீண்ட வீட்டிலும் கடைசிப் பல்பு வரை சேரும். சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால் அந்த இடத்தில் சங்கிலி அறுந்துபோகக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இணையம் அறுந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பதுதான் பெரிய கேள்வி. நீங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு பத்தடி தள்ளி எரியும் பல்பை அணைக்கச் செயலியைத் தொடும்போது, சில பல்புகளில் அந்தக் கட்டளை உங்கள் வீட்டு ரவுட்டரோடு முடிந்துவிடும். வேறு சிலவற்றில் அது கடல் கடந்து நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்துதான் பல்பை அணைக்கும். இரண்டாவது வகையில் இணையம் போனால் செயலி செத்ததற்குச் சமம். கடையில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடும் தெரியாது.

சர்வரை நிறுவனமே மூடிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். இது கற்பனைப் பயம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனம் தன் லைட்டிஃபை விளக்குகளுக்கான இணையச் சேவையை 2021 ஆகஸ்ட் மாதத்தோடு நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் அணைந்தன. பல்லாயிரம் ரூபாய் செலவழித்து வீடு முழுவதும் பொருத்தியிருந்தவர்கள் ஒரே நாளில் செயலி இயங்காமல் திகைத்து நின்றார்கள். பின்னர் அதன் பயனாளர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து நிறுவனத்தை விலைக்கு வாங்கி உயிர்ப்பித்தார்கள். ஃபிலிப்ஸ் ஹ்யூ விளக்குகளுக்காக 2012-ல் வந்த முதல் நடுப்பெட்டிக்கு 2020 ஏப்ரலோடு இணைய ஆதரவு முடிந்துபோனது. பல்புகள் மட்டும் புதிய பெட்டியோடு தொடர்ந்து எரிந்தன. ஓஸ்ராம் பல்புகளும் ஜிக்பீ என்ற பொது மொழியைப் பேசியதால் வேறு நிறுவனத்தின் நடுப்பெட்டியோடு பிழைத்துக்கொண்டன. பொது மொழி பேசும் பல்பு நிறுவனம் கைவிட்டாலும் வாழும். ஒரே நிறுவனத்தின் சர்வருக்கு மட்டும் செவிசாய்க்கும் பல்பு அந்த நிறுவனத்தோடு முடியும்.

இந்தக் காரணத்தால்தான் 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொதுத் தரத்தை நான் பெரிதும் வரவேற்கிறேன். ஆப்பிள், கூகுள், அமேசான் முதலிய போட்டியாளர்கள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட தரம் இது. மேட்டர் முத்திரை உள்ள பல்பை வீட்டுக்குள்ளேயே, இணையத்தின் துணையின்றிக் கட்டுப்படுத்த முடியும். இதற்கு வீட்டில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, பெரும்பாலும் ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர், வேண்டும். இப்போது புதிதாக வாங்குகிறவர்கள் இந்த முத்திரையைத் தேடிப் பார்க்கட்டும். பல்பின் மேலும் உள்ளே வரும் தாளிலும் ஒரு கியூஆர் குறியும் பதினொரு இலக்க எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். மாட்டுவதற்கு முன்பே அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பல்பை மாட்டிய பின் ஏணி வைத்து ஏறிக் கழற்றினால்தான் அதைப் படிக்க முடியும்; தாளும் தொலைந்து, எழுத்தும் சூட்டில் மங்கிவிட்டால் அந்தப் பல்பைப் புதிதாக இணைப்பது கடினமாகிவிடும்.

பல்பின் ஆயுளோடு இதை ஒப்பிட்டால் சிக்கல் தெளிவாகும். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். நாளுக்கு ஆறு மணி நேரம் எரித்தால் அது பதினோரு ஆண்டுக்கு மேல் வரும். உத்தரவாதமோ பொதுவாக ஓரிரு ஆண்டுகளுக்கு. செயலிக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே, அதை வாங்கியதற்கான காரணம் இல்லாமல் போய்விடக்கூடும் என்பதை ஐந்தாறு மடங்கு விலை கொடுத்து வாங்குகிறவரிடம் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

மின்சாரம் மிச்சமாகும் என்ற விளம்பரத்தையும் சரிபார்க்க வேண்டும். அணைந்திருக்கும்போதும் ஸ்மார்ட் பல்பு மின்சாரம் எடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டம்பர் முதல் இதற்கு 0.5 வாட் என்று உச்சவரம்பு விதித்திருக்கிறது. அந்த வரம்பையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 9 வாட் பல்பை நாளுக்கு ஆறு மணி நேரம் எரித்தால் ஆண்டுக்குச் சுமார் 20 யூனிட். மீதி பதினெட்டு மணி நேரம் காத்திருப்பதற்கு 3 யூனிட்டுக்குச் சற்று மேல். இது பொறுத்துக்கொள்ளக் கூடியதே. ஆனால் நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயன்படும் பண்டக அறைப் பல்பில், எரிவதற்கு ஆவது 9 வாட் மணி. சும்மா இருப்பதற்கு ஆவது 11.5. எரியும் செலவைவிடக் காத்திருக்கும் செலவு அதிகம்! பத்துப் பல்பு உள்ள வீட்டில் இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் இப்படி ஏழு யூனிட் வரை சேரலாம். தொகை சிறியதுதான், ஆனால் நூறு யூனிட்டுக்குள் நின்று கட்டணமே இல்லாமல் காலம் தள்ளும் சிறு குடும்பத்துக்கு அந்த ஏழு யூனிட்டும் கணக்கில் வரும். 2015 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டத்தின் வழியாக 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் நாட்டு மக்களிடம் சேர்ந்தன. முந்நூறு ரூபாய்க்கு மேல் விற்ற பல்பின் விலை எழுபது, எண்பதுக்கு இறங்கியது. மின்சாரம் மிச்சமானது அந்த மாற்றத்தில்தான். எல்இடி இருக்கும் வீட்டில் ஸ்மார்ட் பல்பு வாங்குவது வசதிக்காக. சிக்கனத்துக்காக என்று சொல்லி விற்பது சரியில்லை.

கடவுச்சொல் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். பல்பு வைஃபையில் சேர்வதற்கு உங்கள் வீட்டுக் கடவுச்சொல்லைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. 2019-ல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் பல்பைப் பிரித்துப் பார்த்து, அதில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே பதிந்திருந்ததை வெளியிட்டார். பின்னர் நிறுவனம் அதைச் சரிசெய்தது. ஆகவே பல்பைப் பிறருக்குக் கொடுக்கும் முன்போ குப்பையில் போடும் முன்போ செயலியில் நீக்கி, வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்பவர்கள் பல்பைக் கழற்ற மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. செயலி கேட்கும் அனுமதிகளில் தொடர்பு எண்களைப் படிக்கும் அனுமதி ஒரு விளக்குக்கு எதற்கு என்று கேட்டு மறுக்கலாம். மறுத்தால் இயங்க மாட்டேன் என்னும் செயலியை நீக்கிவிடலாம்.

முதியவர்களும் குழந்தைகளும் உதவியாளர்களும் புழங்கும் வீட்டுக்கு, பல்பை விடச் சுவிட்ச் போர்டுக்குள் வைக்கும் ஸ்மார்ட் சுவிட்ச் மாட்யூல் பொருத்தமானது என்பது என் தீர்மானமான கருத்து. பல்பு சாதாரணமாகவே இருக்கும். கெட்டால் நூறு ரூபாயில் மாற்றலாம். சுவிட்சைத் தட்டினாலும் எரியும், கைப்பேசியைத் தொட்டாலும் எரியும். சர்வர் மூடிப்போனாலும் சுவிட்ச் சுவிட்சாகவே இருக்கும். இதற்குப் போர்டுக்குள் நியூட்ரல் வயர் இருக்க வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் அது இருக்கும். தனி விளக்குச் சுவிட்ச் மட்டும் உள்ள பழைய போர்டில் ஃபேஸ் மட்டுமே வந்திருக்கும். இதைத் தெரிந்த வயர்மேனை வைத்தே பொருத்த வேண்டும். காணொளியைப் பார்த்துக்கொண்டு தாமே திறக்கக் கூடாது. வெளிச்சத்தை மங்கவைக்கவும் சூட்டை மாற்றவும் இதில் பெரும்பாலும் இயலாது என்பதால், இரவு நடைக்கும் படுக்கையறைக்கும் ஓரிரு ஸ்மார்ட் பல்புகள், மற்ற இடங்களுக்குச் சுவிட்ச் மாட்யூல் என்று பிரித்துக்கொள்வது சிறந்தது.

அரசு செய்யக்கூடியது என்ன என்பதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இணையத்தோடு இணையும் வீட்டுச் சாதனம் ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பு குறைந்தது எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை உற்பத்தியாளர் அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, பொதுவாக ஐந்து ஆண்டுக்குக் குறையாத ஆதரவு கட்டாயமாகும். சிங்கப்பூர் 2020-லேயே இத்தகைய சாதனங்களுக்கு நான்கு நிலைகள் கொண்ட பாதுகாப்பு முத்திரையைத் தொடங்கிவிட்டது. நம் நாட்டில் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021-ல் நுகர்வோர் சாதனங்களின் பாதுகாப்புக்கான நடைமுறை நெறிகளை வெளியிட்டது. ஆனால் அவை நெறிகள் என்ற அளவில்தான் இருக்கின்றன. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி விலையும், தயாரித்த மாதமும், புகார் சொல்ல வேண்டிய முகவரியும் பெட்டியில் இருந்தே ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அதே இடத்தில், முதலில் நான் கேட்ட இரண்டோடு காத்திருப்பு மின்சாரத்தையும் சேர்த்து இன்னும் மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்வது நிறுவனங்களுக்குப் பெரிய சுமையாகாது: செயலியும் சர்வரும் எந்த ஆண்டு வரை இயங்கும், இணையம் இல்லாமல் வீட்டுக்குள் கட்டுப்படுத்த முடியுமா, அணைந்த நிலையில் எத்தனை வாட் எடுக்கும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் இந்தியத் தர நிர்ணய அமைப்பும் இதை முன்னெடுக்க வேண்டும். தங்கள் நாளிதழ் இந்தக் கோரிக்கையை அவர்களின் கவனத்துக்குக் கொண்டுசென்றால் எண்ணற்ற குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும்.

அது நடக்கும் வரை என் சக வணிகர்களிடம் ஒரு வேண்டுகோள். கடையில் ஒரு ரவுட்டரையும் ஒரு ஹோல்டரையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் பல்பு கேட்டு வருகிறவர் முன்னால் பல்பை மாட்டி இணைத்துவிட்டு, ரவுட்டருக்கு வரும் இணையக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, செயலியைத் தொட்டுக் காட்டுங்கள். அப்போதும் பல்பு அணைந்து எரிந்தால் விற்கலாம். அணையவில்லை என்றால் அதையும் வாடிக்கையாளரிடம் சொல்லி, அவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். பிறகு ஹோல்டரின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டு, மின்சாரம் திரும்பும்போது பல்பு எந்த நிலைக்கு வருகிறது என்பதையும் காட்டிவிட வேண்டும். இணைய அங்காடியில் வாங்குகிறவர்கள் பொருள் வந்த அன்றே இவ்விரண்டையும் வீட்டில் சோதித்து, ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் அனுப்பிவிட வேண்டும்.

இப்படிக்கு,
மின்பொருள் வணிகர் ஒருவர்,
கும்பகோணம்.